மலைப்பாதையில் ஒரு வேளைச் சோறு: கை கொடுப்பீர்களா?

அட்லாண்டா நண்பர்களுக்கு வணக்கம்.

அப்பலாச்சியன் நெடும்பாதை நம் ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிறது. 14 மாநிலங்கள், ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். முழுவதும் நடக்க ஐந்தாறு மாதம் பிடிக்கும். வடக்கே போகிறவர்களில் பெரும்பாலோர் மார்ச், ஏப்ரலில் கிளம்புகிறார்கள். முதுகுச் சுமைக்குப் பயந்து நூடுல்ஸிலும் ஓட்ஸிலும் காலத்தை ஓட்டுகிறார்கள்.

போன மார்ச்சில் வுடி கேப்பில், பாதை சாலையைக் கடக்கும் இடத்தில், மூன்று குடும்பங்களாக இட்லியும் எலுமிச்சைச் சாதமும் கொண்டுபோனோம். நனைந்த காலுறையைப் பையில் தொங்கவிட்டபடி வந்த ஒரு பையன் ஏழு இட்லி சாப்பிட்டான். எட்டாவதை மிளகாய்ப்பொடியோடு டார்ட்டியா ரொட்டியில் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டான்! வழிநடையாக வருபவருக்குச் சோறு போடுவது நமக்குப் புதிதா என்ன?

இந்த முறை இரண்டு சனிக்கிழமைகள், நாளுக்கு 40 பேர் என்று கணக்கு. தலைக்கு 6 டாலர் வீதம் 480 டாலர் வேண்டும். 190 சேர்ந்திருக்கிறது; மீதி 290. ஐந்து டாலர் என்றாலும் சரி. செலவு ரசீதுகளை இங்கேயே போட்டுவிடுகிறேன்.

பணத்தைவிட அவசரத் தேவை ஒரு பெரிய இட்லிக் கொப்பரையும் சூடு தாங்கும் பெட்டிகள் இரண்டும். கரடிகள் நடமாடும் காடு என்பதால் உணவை விட்டுவிட்டு வர முடியாது. மாலைவரை கூட நின்று, குப்பையைத் திரும்ப எடுத்துவர இருவர் தேவை. வண்டி என்னுடையது. யார் வருகிறீர்கள்?