கங்கையில் விழும் நாலாவை மடக்குவது: எங்கே கோட்டை விடுகிறார்கள்?

(இணையக் குழு ஒன்றில் மூவர் எழுதியது. ஒவ்வொரு பதிவின் தலையிலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கலங்கல்

கான்பூரின் சிசாமாவ் நாலாவை, அதாவது ஊர்ச் சாக்கடை ஓடும் பெரிய திறந்த வாய்க்காலை, 2018இல் எப்படி ஆற்றில் விழாமல் மடக்கினார்கள் என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நாளொன்றுக்குச் சுமார் 14 கோடி லிட்டர் சாக்கடை நேராகக் கங்கையில் விழுந்த இடம் அது. 8 கோடியைப் பிங்காவான் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் 6 கோடியை ஜாஜ்மாவுக்கும் திருப்பினார்கள்.

வேலை கேட்க எளிதுதான். நாலாவின் குறுக்கே தாழ்வான சுவர், பக்கவாட்டில் வாய், கம்பிச் சல்லடை, சேகரிப்புக் கிணறு, பம்ப், அங்கிருந்து சுத்திகரிப்பு நிலையம் வரை குழாய். தப்பு முதலில் நடப்பது கணக்கில். நாளொன்றுக்கு ஆளுக்கு 135 லிட்டர் குடிநீர், அதில் 80 சதவீதம் சாக்கடை, ஆக 108 லிட்டர். ஒரு லட்சம் பேருக்கு 1.08 கோடி லிட்டர், அதாவது மணிக்கு 4.5 லட்சம். ஆனால் காலை நேரத்தில் இதைப்போல 2.25 மடங்கு வரும், மணிக்குப் பத்து லட்சம் லிட்டருக்கு மேல். சராசரிக்கு பம்ப் வாங்கினால் தினமும் காலையில் சுவர் மேல் வழிந்து ஆற்றுக்குத்தான் போகும். மக்கள்தொகைக் கணக்கை மட்டும் நம்பாமல், கோடையில் 24 மணி நேரம் நாலாவிலேயே மணிக்கு மணி அளந்து பார்ப்பது நல்லது.

சரி, கிணற்றைப் பெரிதாகக் கட்டிவிடலாமே என்றால் அதுவும் வம்பு. சராசரி வரத்தில் அரை மணிக்கு மேல் தேங்கினால் நீர் அழுகி ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும். கான்கிரீட் அரிக்கும், உள்ளே இறங்குகிறவர் உயிர் போகும்.

1986இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டம் தடுமாறியது கட்டியதை ஓட்டுவதில்தான். நிலையம் கட்டப் பணம் வந்தது, ஓட்டும் செலவு மாநிலங்களின் தலையில். கரண்ட் போனால் பம்ப் நிற்கும், சாக்கடை நிற்காது. ஜெனரேட்டர் இருந்தால் போதாது, டீசலுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும்.

வண்டல்

நாலா நீரை நிலையத்துக்குக் கொண்டுவந்தால் இன்னொரு தொல்லை. நிலையத்தை லிட்டருக்கு 200 முதல் 250 மில்லிகிராம் பி.ஓ.டி.க்கு (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்குத் தேவையான ஆக்சிஜன் அளவு; நீர் எவ்வளவு அழுக்கு என்பதன் கணக்கு) வடிவமைத்திருப்பார்கள். ஊற்றுநீரும் குழாய்க் கசிவும் கலந்த நாலா நீரில் பல நேரம் அதில் பாதிகூட இருக்காது. தொட்டியில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர் பட்டினி கிடக்கும், அவை திரண்ட சேறு லேசாகிப் படியாமல் தெளிந்த நீரோடு வெளியேறும். ஒரு லிட்டர் அளவுக் குவளையில் தொட்டி நீரை எடுத்து 30 நிமிடம் வைத்தாலே சேறு படிகிறதா என்று தெரிந்துவிடும். படியாவிட்டால் ஒரு தொட்டியை நிறுத்துங்கள், காற்றூதும் நேரத்தைக் குறையுங்கள், சேற்றை வெளியேற்றுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நிரந்தர மருந்து வீட்டு இணைப்புதான். தெருவில் சாக்கடைக் குழாய் பதித்தபின்னும் வீட்டுக் கழிவு திறந்த வாய்க்காலுக்கே போனால் என்ன பயன்?

ஜாஜ்மாவ் கதை வேறு. அங்குள்ள பழைய 36 எம்.எல்.டி. (நாளொன்றுக்கு 3.6 கோடி லிட்டர்) நிலையம், 9 பங்கு தோல் பதனிடும் கழிவையும் 27 பங்கு ஊர்ச் சாக்கடையையும் கலந்து சுத்திகரிக்கக் கட்டியது. தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் சேற்றில் தங்கிவிடும், அந்தச் சேறு வயலுக்கு ஆகாது.

சோதனைக்குடுவை

எல்லாரும் பி.ஓ.டி. பின்னாலேயே ஓடுகிறீர்கள். குளிக்கத் தகுந்த நீரில் மலக்கிருமி 100 மில்லிக்கு 2,500க்கு மேல் இருக்கக் கூடாது. கச்சாச் சாக்கடையில் அது கோடிக்கணக்கில். 99 சதவீதம் நீக்கினாலும் லட்சம் மிஞ்சும். குளோரின் கலந்து 30 நிமிடம் நிற்க வைக்க வேண்டும். நீரில் மிதக்கும் துகள் கிருமிக்குக் குடை பிடிக்கும், அம்மோனியா குளோரினைத் தின்றுவிடும். அதனால் முந்தைய கட்டம் சரியில்லாவிட்டால் எவ்வளவு கொட்டினாலும் வீண்.

மாதிரி எடுக்கும் குப்பியில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்ஃபேட் இல்லையென்றால், மிச்ச குளோரின் வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வரும். அறிக்கை அழகாக இருக்கும். பழைய எண்களோடு ஒப்பிடும்போது, பி.ஓ.டி. 27 டிகிரியில் 3 நாள் முறையா, 20 டிகிரியில் 5 நாள் முறையா என்றும் பாருங்கள்.

கலங்கல்

வாரணாசியின் ரமணா நிலையம் போன்ற புது ஒப்பந்தங்களில் கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போது தருவார்கள், மீதி 60 சதவீதத்தை 15 ஆண்டுகளில், செயல்பாட்டைப் பார்த்து. பழைய முறையைவிட இது மேல். ஆனால் பம்ப் நிலையமும் அதே நிறுவனத்தின் கையில் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். கை வேறானால், வழிந்ததற்கு இருவரும் ஒருவரையொருவர் காட்டுவார்கள்.

வெள்ளத்தில் என்ன ஆகும் என்ற கேள்விக்கு: கங்கை ஏறினால் ஆற்றுநீர் நாலாவில் பின்வாங்கி, சுவர் தாண்டிக் கிணற்றில் விழும். பம்ப் ஆற்றையே நிலையத்துக்கு இறைக்கும். ஒருவழிக் கதவு போட்டிருப்பார்கள். கந்தல் துணி சிக்கினால் மூடாது. ஜூனுக்கு முன் கழற்றிச் சுத்தம் செய்து, கீல்களுக்குக் கிரீஸ் வைத்துவிட வேண்டும்.