மறு: பல வட்டுகளிலிருந்து வலைவழி நிறுவல் – சொல் தேர்வு

அனைவருக்கும் வணக்கம்.

பல வட்டுகளில் வரும் இயங்குதளத்தைச் சேவையகம் (மற்றக் கணினிகளுக்குக் கோப்புகளைத் தரும் கணினி) ஒன்றிலிருந்து மற்றக் கணினிகளில் நிறுவுவதற்கு, நாம் தமிழாக்கும் நிறுவல் திரைகளில் என்ன சொல்லை வைப்பது என்பதுதான் கேள்வி. இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் மறுபடி படித்தேன். ‘வலைவழி நிறுவல்’, ‘பிணைய நிறுவல்’, ‘பல்வட்டு நிறுவல்’ என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றுக்கும் ஆதரவு இருக்கிறது. ஆனால் ஆதரிப்பவர்கள் எல்லோரும் ஒரே வேலையை மனத்தில் வைத்துப் பேசுவதாகத் தெரியவில்லை. நமக்கு இங்கே ஒரு சொல் போதாது, மூன்று சொற்கள் வேண்டும் என்பது என் கருத்து. சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2005 ஜூனில் வெளிவந்த ஃபெடோரா கோர் 4 என்ற லினக்ஸ் வெளியீட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு குறுவட்டுகள். ஓர் ஆய்வகத்தில் 30 கணினிகள் இருந்தால் வட்டை எடுத்து வட்டைப் போட்டு 120 முறை கை ஓட வேண்டும். அதனால்தான் வட்டுகளை ஒரு சேவையகத்தில் வைத்துவிட்டு மற்றக் கணினிகளை அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறோம். இதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன.

கணினி உயிர் பெறுவது முதல் வேலை. அதன் பிணைய அட்டையில் இருக்கும் பிஎக்ஸ்இ (வட்டு இல்லாமல் வலையமைப்பு வழியாகத் துவக்க உதவும்) நிரல் ‘எனக்கு ஒரு முகவரி வேண்டும்’ என்று எல்லோருக்கும் கேட்கும்படி அறிவிக்கிறது. முகவரி வழங்கும் டிஎச்சிபி சேவையகம் முகவரியைத் தருகிறது; கூடவே எந்தச் சேவையகத்தில் எந்தக் கோப்பை வாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. டிஎஃப்டிபி என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறை வழியாக முதலில் துவக்கி (boot loader) வருகிறது, பிறகு கருநிரலும் (kernel) தொடக்க நினைவுவட்டும் (initrd) வருகின்றன. டிஎஃப்டிபி மிக எளிய நெறிமுறை. 512 பைட்டை அனுப்பும், ‘வந்தது’ என்ற பதில் கிடைத்த பிறகே அடுத்த 512 பைட்டை அனுப்பும். சில மெகாபைட்டுக்கு இது போதும். நான்கு வட்டு நிறைய இருக்கும் பொதிகளை (நிறுவ வேண்டிய மென்பொருள் கோப்புகளை) இப்படிக் கொண்டுவர முடியாது. இதுவரை நிறுவல் வட்டு எதையும் யாரும் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிறுவும் நிரல் பொதிகளை எடுத்துவருவது இரண்டாவது வேலை. அதற்கு என்எஃப்எஸ், எஃப்டிபி, எச்டிடிபி என்று வலையமைப்பில் கோப்புகளை எடுக்கும் வேறு வழிகள் இருக்கின்றன.

இந்த இரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை அல்ல. ஃபெடோரா கோர் 4-இன் முதல் வட்டைப் போட்டுக் கணினியைத் துவக்கி, துவக்கத் தூண்டியில் (boot prompt) ‘லினக்ஸ் ஆஸ்க்மெத்தட்’ என்று தட்டினால் பொதிகளை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று கேட்கும். அங்கே என்எஃப்எஸ்ஸைத் தேர்ந்தால் துவக்கம் வட்டிலிருந்து நடக்கும், நிறுவல் வலையமைப்பு வழியாக நடக்கும். நேர்மாறாக, பிஎக்ஸ்இ மூலம் துவக்கிவிட்டுப் பொதிகளைத் தன் சொந்த வட்டியக்கியிலிருந்தே எடுக்கவும் முடியும். ஆக இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்தால், ‘வலைவழி நிறுவல் வேலை செய்யவில்லை’ என்று ஒருவர் எழுதும்போது டிஎச்சிபியைப் பார்ப்பதா, என்எஃப்எஸ்ஸைப் பார்ப்பதா என்று உதவ வருபவருக்குத் தெரியாது.

மூன்றாவது வேலைதான் இந்த இழையில் யாரும் பேசாதது. நான்கு வட்டுகளில் இருப்பதைச் சேவையகத்தில் ஓரிடத்துக்குக் கொண்டுவருவது. இங்கேதான் ‘பல வட்டு’ என்ற விஷயம் வருகிறது, இங்கேயே முடிந்தும்போகிறது.

> பல வட்டுகளிலிருந்து நிறுவுவதால் ‘பல்வட்டு
> வலைவழி நிறுவல்’ என்பதே முழுமையான சொல்.

இதை என்னால் ஏற்க முடியவில்லை. சன் நிறுவனம் வெளியிட்ட சோலாரிஸ் 9 இயங்குதளம் இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதில் மென்பொருள் வட்டு இரண்டு, மொழிகளுக்கான வட்டு ஒன்று. முதல் வட்டைப் போட்டு அதிலிருக்கும் ‘செட்டப் இன்ஸ்டால் சர்வர்’ என்ற நிரலை ஓட்டினால் சேவையகத்தில் ஓர் அடைவு (directory) உருவாகும். இரண்டாவது வட்டுக்கும் மொழி வட்டுக்கும் ‘ஆட் டு இன்ஸ்டால் சர்வர்’ என்று வேறொரு நிரல். அது அதே அடைவில் மீதியைச் சேர்க்கும். அப்புறம் வட்டுகளை அலமாரியில் வைத்துவிடலாம். நிறுவப்படும் கணினிக்கு அது இரண்டு வட்டாக வந்ததா, பத்து வட்டாக வந்ததா என்ற கவலையே இல்லை. அதன் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு பாதை. எனவே ‘பல்வட்டு’ என்ற அடைமொழியை நிறுவலுக்கு முன்னால் ஒட்டுவது தவறு. அது சேர்க்கும் வேலைக்குரிய அடைமொழி.

சேர்ப்பது என்றால் கோப்புகளைக் கொட்டிக் கலப்பதும் அல்ல. ஃபெடோரா கோர் 4 வட்டு ஒவ்வொன்றிலும் ‘டிஸ்க்இன்ஃபோ’ என்று, முன்னால் புள்ளி வைத்த ஒரு சிறிய மறைகோப்பு இருக்கிறது. அதன் முதல் வரியில் வெளியீட்டின் நேரக்குறி, அடுத்து வெளியீட்டின் பெயர், பொறிவகை (எவ்வகைச் செயலிக்கானது), பிறகு வட்டின் எண். நான்கு வட்டும் ஒரே வெளியீட்டைச் சேர்ந்தவை என்பதை நிறுவும் நிரல் அந்த நேரக்குறியை வைத்துத்தான் அறிகிறது. நட்சத்திரக் குறி போட்டு நகலெடுப்பவர்கள் புள்ளியில் தொடங்கும் கோப்பை விட்டுவிடுவார்கள். எல்லாப் பொதிகளும் இருந்தும் நிறுவல் நின்றுவிடும். ஆகவே அந்த அடைவு வெறும் கோப்புக்குவியல் இல்லை. அதற்கென்று ஓர் ஒழுங்கு உண்டு. அதற்கென்று ஒரு பெயரும் வேண்டும்.

இப்போது அந்தப் பெயருக்கு வருகிறேன்.

> ‘நிறுவல் மூலம்’ என்று எளிதாக வைத்துக்கொள்ளலாமே?

எளிதுதான், ஆனால் திரையில் பொருந்தாது. ‘என்எஃப்எஸ் மூலம் நிறுவல் மூலத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று ஒரு வரியை எழுதிப் பாருங்கள். அதைவிடப் பெரிய சிக்கல், இதே ஃபெடோரா கோர் 4-இல் மூலநிரல் பொதிகளுக்கென்று தனி வட்டுகள் இருக்கின்றன. அவற்றை நாம் ஏற்கெனவே ‘மூல வட்டு’ என்றுதான் அழைக்கிறோம். நிறுவுவதற்கு அவை தேவையே இல்லை. ‘நிறுவல் மூலம்’ என்று படித்த ஒரு கல்லூரி மாணவர், மெதுவான இணைப்பில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து மூல வட்டுகளைப் பதிவிறக்கிவிட்டு ‘எதுவும் நிறுவப்படவில்லையே’ என்று கேட்டால், பழி நம் சொல்மீதுதான் விழும்.

‘களஞ்சியம்’ அழகான சொல். ஆனால் யம், ஆப்ட் போன்ற கருவிகள் பொதிகளை எடுக்கும் இடத்துக்கு அதைக் கொடுத்துவிட்டோம். அதற்கும் இதற்கும் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறது. களஞ்சியத்தில் பொதிகளும் அவற்றின் விவரப்பட்டியலும் இருந்தால் போதும். நாம் பேசும் அடைவில் கருநிரல், தொடக்க நினைவுவட்டு, நிறுவும் நிரலின் படிமம், மேலே சொன்ன மறைகோப்பு எல்லாம் இருக்க வேண்டும். களஞ்சியத்தை வைத்து ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் புதுப்பிக்கலாம். வெற்றுக் கணினியில் தொடங்க முடியாது. ‘நிறுவல் மரம்’ என்ற பரிந்துரை நிரலாளர்களுக்குப் புரியும். ஆனால் இந்தத் திரையைப் பார்க்கப்போகிறவர் பெரும்பாலும் ஒரு பள்ளி ஆய்வகப் பொறுப்பாளர். அடைவுகளின் கிளைப்படம் அவர் மனத்தில் இருக்கும் என்று நாம் எதிர்பார்க்கக் கூடாது.

நான் முன்வைப்பது ‘நிறுவல் திரட்டு’.

பல நூல்களிலிருந்த பாடல்களைப் பொருள்வாரியாக ஓரிடத்தில் சேர்த்த பழைய நூலுக்குப் ‘புறத்திரட்டு’ என்று பெயர். பாடல்கள் மாறவில்லை, அவை இருக்கும் இடமும் வரிசையும்தான் மாறின. வட்டுகளுக்கும் அதேதான் நடக்கிறது. பொதி எதுவும் மாறுவதில்லை, எந்த வட்டிலிருந்து வந்தது என்ற எல்லை மட்டும் மறைகிறது. இந்தச் சொல்லிலிருந்து வினையும் இயல்பாக வருகிறது: வட்டுகளைத் திரட்டவும், திரட்டப்படுகிறது, திரட்டி முடிந்தது. ‘களஞ்சியம்’, ‘மரம்’ இரண்டிலிருந்தும் இப்படி வினை எடுக்க முடியாது. ‘உருவாக்கு’ என்று இன்னொரு சொல்லைத் துணைக்கு அழைக்க வேண்டும்.

எழக்கூடிய எதிர்ப்பு ஒன்றை நானே சொல்கிறேன். வலைப்பதிவுகளைச் சேர்த்துக் காட்டும் தளத்தைத் ‘திரட்டி’ என்கிறோம், குழம்பாதா? குழம்பாது என்று நினைக்கிறேன். திரட்டுவது திரட்டி, திரட்டப்பட்டது திரட்டு. ‘தொகுப்பி’யும் ‘தொகுப்பு’ம் இப்படித்தான் பல ஆண்டுகளாக அடுத்தடுத்து வாழ்கின்றன. பொத்தானில் மட்டும் கவனம் வேண்டும். ‘திரட்டு’ என்று தனியாகப் போட்டால் ஏவலா பெயரா என்று தெரியாது. அங்கே ‘வட்டுகளைத் திரட்டவும்’ என்றே எழுதுவோம்.

அடுத்தது, ‘வலைவழி’. இதிலும் எனக்கு உறுத்தல் இருக்கிறது. ‘வலை’ என்றதும் இன்று எல்லோருக்கும் வலைத்தளமும் வலைப்பதிவும்தான் நினைவுக்கு வருகின்றன. ‘வலைவழி நிறுவல்’ என்று படித்தால் இணையத்திலிருந்து இறக்கி நிறுவுவது என்றே பொருள்கொள்வார்கள். அப்படி ஒரு நிறுவல் உண்மையாகவே இருக்கிறது. டெபியன் 3.1 என்ற இன்னொரு லினக்ஸ் வெளியீட்டின் முழுத் தொகுதிக்கு 14 குறுவட்டுகள். அவை வேண்டாம் என்றால் ஒரே ஒரு சிறிய வட்டில் துவக்கி மீதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதை ‘இணையவழி நிறுவல்’ என்போம். நாம் பேசுவது இணைய இணைப்பே இல்லாத ஆய்வகத்திலும் நடக்கும். வெளியுலகத் தொடர்பு இல்லாத இடங்களுக்குத்தான் இது மிகவும் பயன்படுகிறது. தங்களிடம் இணையம் இல்லை என்று நினைத்து அந்தப் பள்ளிக்காரர்கள் இந்த வழியை விட்டுவிட்டால் இவ்வளவு பாடுபட்டு மொழிபெயர்த்து என்ன பயன்?

‘பிணையம்’ குறுகிய சொல்தான். அட்டையின் பெயரில் பழகிவிட்டது, நானும் மேலே அப்படித்தான் எழுதினேன். ஆனால் கணினித் துறைக்கு வெளியே அதற்கு ஜாமீன், ஈடு என்ற பொருள் வலுவாக இருக்கிறது. ‘வலையமைப்பு’ நீளமானாலும் இரண்டு குழப்பமும் இல்லாதது. ஆகவே ‘வலையமைப்புவழித் துவக்கம்’, ‘வலையமைப்புவழி நிறுவல்’, ‘நிறுவல் திரட்டு’. பட்டியில் இடம் போதாவிட்டால் தலைப்பில் ஒருமுறை முழுச்சொல்லை வைத்துவிட்டு உள்ளே ‘துவக்கம்’, ‘நிறுவல்’ என்று மட்டும் எழுதலாம்.

குறுவட்டா, குறுந்தகடா, இறுவட்டா என்ற விவாதத்தை இங்கே இழுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இலங்கை நண்பர்களுக்கு இறுவட்டு இயல்பு, இங்கே குறுந்தகடு இயல்பு. இந்தத் திரைகளில் வெறும் ‘வட்டு’ போதும். டிவிடி வந்தாலும் அது பொருந்தும்.

சில வரிகளை எழுதிப் பார்த்தேன். ‘நிறுவல் திரட்டு இருக்கும் சேவையகத்தின் பெயர்’, ‘திரட்டில் மூன்றாம் வட்டின் பொதிகள் இல்லை’, ‘இந்த வட்டு வேறு வெளியீட்டைச் சேர்ந்தது, திரட்டில் சேர்க்க முடியாது’. வாய்விட்டுப் படித்தால் தடுக்கவில்லை. பிழைச்செய்தி ஒரு புதியவருக்கு எங்கே தேட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறது.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. எச்டிடிபி, எஃப்டிபி வழியில் எல்லாவற்றையும் ஒரே அடைவில் நகலெடுக்காமல், நான்கு வட்டுப் படிமங்களையும் (ஒரு வட்டை முழுதாக நகலெடுத்த கோப்புகள்) ‘டிஸ்க்1’, ‘டிஸ்க்2’ என்று அடுத்தடுத்த அடைவுகளில் ஏற்றியும் (mount) வைக்கலாம். என்எஃப்எஸ்ஸிலோ படிமக் கோப்புகளை ஓர் அடைவில் போட்டாலே போதும், நிறுவும் நிரலே வேண்டிய நேரத்தில் ஏற்றிக்கொள்ளும். இங்கே கோப்புகள் கலக்கவில்லை, வட்டின் எல்லை அப்படியே இருக்கிறது. இதையும் ‘திரட்டு’ என்னலாமா? வெளியிலிருந்து பார்க்கும் கணினிக்குக் கொடுக்கும் பாதை ஒன்றுதான் என்பதால் ‘என்னலாம்’ பக்கம் சாய்கிறேன். வினையை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்: அங்கே படிமங்களை ‘ஏற்றவும்’, ‘திரட்டவும்’ இல்லை. சோலாரிஸ், டெபியன் சேவையகங்களை நாள்தோறும் பராமரிப்பவர்கள் நம் குழுவில் இருக்கிறார்கள். இந்த ஒரு இடத்தில் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு மொழிபெயர்ப்புக் கோப்பில் மாற்றத்தைச் செய்யலாம். அதுவரை அந்த வரிகளை ‘ஐயம்’ என்று குறித்து வைக்கிறேன்.

அன்புடன்