சீஸ் பொதிமுறுகல்: ஒரு சமையல் தாளுக்குச் சொல் தேடும் மடல்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து

மடற்குழு அன்பர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்ச் சமையல் வகுப்புக்காகச் செய்முறைத் தாள்களைத் தமிழில் எழுதி வருகிறேன். வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பால்மரத் (ரப்பர்) தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். இப்போது தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருந்துகொண்டு, விருந்துகளுக்கும் இரவுச் சந்தைக்கும் பலகாரம் செய்து விற்கிறார்கள். தமிழும் மலாயும் தடையின்றிப் படிப்பார்கள். ஆங்கிலச் செய்முறை என்றால் பிள்ளைகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. அடுத்த தாள், மெக்சிகோ சுவையில் பொரித்த சீஸ். விருந்துக்குச் சொல்கிற இளையவர்கள் இதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சமையல் எனக்குத் தெளிவாக இருக்கிறது. சொல்தான் கைக்கு வரவில்லை.

சென்ற வாரம் இங்கே வந்த பரிந்துரை, "மொறுமொறுப்பான பொரித்த பாலாடைக்கட்டிப் பசிதூண்டி". இலக்கணப்படி குறை சொல்ல இடமில்லை. ஆனால், அதைப் படித்துவிட்டு அடுப்படிக்குப் போகிறவருக்கு எதைச் செய்வது என்று புரியாது. அந்தப் பெயருக்குள் இரண்டு வேறு பண்டங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஒன்றில், சீஸைத் துருவி, எண்ணெய் விடாத தோசைக்கல்லில் உள்ளங்கை அகலத்துக்குப் பரப்புகிறோம். முதலில் உருகிக் குமிழியிடும். நீர் ஆவியாகப் போகப் போகச் சத்தம் அடங்கும். சீஸின் சொந்தக் கொழுப்பே வெளியே வந்து அதைப் பொரிக்கும். ஓரம் பழுப்பேறி, கல்லை விட்டுத் தானாகக் கிளம்பும். அந்த நேரத்தில் எடுத்துச் சுருட்டினால் சுருளும். ஆறவிட்டால் அப்பளமாய் நொறுங்கும். மெக்சிகோவில் இதை 'சிச்சரோன் தே கேசோ' என்கிறார்கள். சிச்சரோன் என்பது பன்றித்தோலைப் பொரித்துச் செய்வது. இந்தப் பண்டத்தில் பன்றி இல்லை, பெயர் மட்டும் அங்கிருந்து வந்தது. பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும் விற்கிற ஓர் அம்மா அந்தப் பெயரைப் பலகையில் எழுதி வைக்க முடியுமா? நமக்கென்று ஒரு பெயர் வேண்டும் என்று நான் கேட்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

மற்றதில் சீஸ் உள்ளே, மாவு வெளியே. விரல் பருமனில் நறுக்கி, மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, ரொட்டித்தூளில் உருட்டி, மறுபடி முட்டை, மறுபடி தூள் என்று இரண்டு சுற்றுப் போட வேண்டும். பிறகு குளிர்பெட்டியின் ஐஸ் அறையில் கல்லாக இறுகும்வரை வைத்து, 180 பாகை செல்சியஸ் சூட்டிலுள்ள எண்ணெயில் ஓரிரு நிமிடம் பொரிக்க வேண்டும். இங்கே முறுகுவது மேல்மாவு. சீஸ் உள்ளே உருக வேண்டும், வெளியே வரக் கூடாது. மாவு ஒட்டாத ஓர் இடம் ஊசிமுனை அளவுக்கு இருந்தாலும் உருகிய சீஸ் அந்த வழியாகவே எண்ணெய்க்குள் இறங்கிவிடும். கையில் மிஞ்சுவது கூடு மட்டுந்தான்.

ஒரே பெயரால் இரண்டையும் அழைத்தால், கல்லில் போட வேண்டியதை ஐஸ் அறையில் வைப்பார்கள். ஐஸ் அறையில் வைக்க வேண்டியதை நேராக எண்ணெயில் போடுவார்கள். பண்டத்துக்கு ஏற்ற சீஸ் எது என்பதும் குழம்பிப்போகும். பன்னீரைத் தோசைக்கல்லில் போட்டு எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அது உருகிப் பரவாது. எலுமிச்சையோ வினிகரோ விட்டுத் திரித்த பாலின் புரதம் சூட்டில் இளகுவதில்லை. மெக்சிகோவின் பனேலாவும் அப்படித்தான்; சூடுபட்டாலும் உருக்குலையாது. ஒஹாக்கா மாநிலத்தின் சீஸோ நூல் நூலாக இழையும். இங்கே கடையில் கிடைப்பவற்றில் மொஸரெல்லாதான் அதற்கு மிக நெருக்கம்.

அடுத்த சிக்கல், விருந்தின் தொடக்கத்தில் வைக்கிற சிறு பண்டத்துக்கு என்ன பெயர் என்பது. 'பசிதூண்டி' மருந்துக் கடைப் பெயராகக் காதில் விழுகிறது. நம் மலேசியத் தமிழில் 'பசியாற' என்ற அருமையான சொல் இருக்கிறது. காலையில் எதிர்ப்படுகிறவரைப் "பசியாறியாகிவிட்டதா?" என்று கேட்காமல் தோட்டத்தில் யாரும் கடந்து போனதில்லை. ஆனால் அது பசியை ஆற்றும் உணவு. எனக்கு வேண்டியது, சோறு வருவதற்கு முன்னால் கையில் எடுத்துக் கடிப்பது. சிற்றுண்டி, பேருண்டி என்ற வரிசையில் 'முன்னுண்டி' என்று வைக்கலாமா? பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

தாப்பாவிலிருந்து

அன்பு மகளுக்கு,

இரண்டு பண்டங்களையும் பிரித்துக் காட்டியது நல்ல வேலை. கலைச்சொல் ஆக்குகிறவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன்னால் அடுப்பருகே போய் நிற்க வேண்டும் என்று நான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன்.

'மொறுமொறு' ஒலிக்குறிப்பு. பேச்சில் இனிக்கும், வேறு சொல்லோடு சேர்த்துக் கட்டும்போது முரண்டு பிடிக்கும். 'முறுகு' என்ற வினை நம்மிடம் இருக்கிறது, முறுகல் தோசை என்று எல்லாரும் சொல்கிறோம். அதையே பண்டத்தின் பெயராகவும் ஆளலாம். தானே முறுகுவது தனிமுறுகல். ஒன்றைப் பொதிந்து, பொதிந்த மேலுறை முறுகுவது பொதிமுறுகல். முதலில் 'பொதிபொரி' என்று எழுதிப் பார்த்தேன். நம் மக்களுக்குப் பொரி என்றால் ஆயுத பூசைக்கு வைக்கிற பொரி நினைவுக்கு வரும் என்பதால் விட்டுவிட்டேன். 'பொரியல்' என்றால் காய்கறி. 'உறைமுறுகல்' என்றால் உறைந்ததா, உறையிட்டதா என்று மயக்கம் வரும். நீயோ அதை ஐஸ் அறையில் வேறு வைக்கிறாய்.

சீஸுக்குப் பாற்கட்டி என்பதே என் முடிவு. பாலாடை என்பது காய்ச்சிய பாலின்மேல் படிகிற ஏடு. அதைக் கட்டியாக்கி யாரும் சீஸ் செய்வதில்லை. ஆகவே பாலாடைக்கட்டி என்பது செய்முறையையே தவறாகக் கற்பிக்கிறது. சென்னை நண்பர் 'கட்டிப்பால்' என்று எழுதியிருந்தார். அவருக்கு நம் தோட்ட வழக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கோப்பையில் தானாக உறைந்து கிடக்கிற பால்மரப் பாலுக்கு இங்கே கட்டிப்பால் என்று பெயர். அதை மூட்டையில் சுமந்தவர்களுக்கு அந்த நாற்றம் இன்னும் மறந்திருக்காது. உண்ணும் பண்டத்துக்கு அந்தப் பெயர் வேண்டவே வேண்டாம்.

முன்னுண்டி நன்று. தயங்காமல் எழுது.

பாகான் டத்தோவிலிருந்து

அக்காவுக்கும் ஐயாவுக்கும் வணக்கம்.

நான் இரவுச் சந்தையில் கடை போடுகிறவள். தனிமுறுகல், பொதிமுறுகல் இரண்டும் எனக்குப் பிடித்திருக்கின்றன. சொன்னவுடன் கை என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. பீசாங் கோரெங்கையும் வாழைப்பழப் பொதிமுறுகல் என்று சொல்லலாமே என்று தோன்றியது. இந்தச் சொல் சீஸோடு நின்றுவிடாது என்பதற்கு அதுவே அடையாளம்.

பாற்கட்டியை மட்டும் ஐயா மறுபடி யோசிக்க வேண்டும். எழுத்தில் ற் இருக்கிறது. வாயால் சொல்லும்போது பெண்கள் எல்லாரும் 'பால் கட்டி' என்றே கேட்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் பால் கட்டிக்கொண்டால் தாய் எப்படித் துடிப்பாள் என்று எங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லைக் கடைப் பலகையில் எழுதி, வாங்கிச் சாப்பிடுங்கள் என்று என்னால் கூவ முடியாது.

மாவைப் பற்றி ஒன்று. பீசாங் கோரெங் மாவில் அரிசி மாவோடு கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீர் விடுவோம். ஆறின பிறகும் முறுகல் நிற்கும். மெக்சிகோவில் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைக்கிறார்கள் என்று படித்தேன். ரொட்டித்தூளுக்குப் பதிலாக அப்படிச் செய்த சோள வறுவலை நொறுக்கிப் போட்டால் மெக்சிகோ மணம் மேல்மாவிலிருந்தே வந்துவிடும் அல்லவா?

சுங்கை சிப்புட்டிலிருந்து

ஐயாவுக்கும் தங்கைக்கும் நன்றி.

சோள வறுவலைப் போட்டுப் பார்த்தேன். தங்கை சொன்னது முற்றிலும் சரி. ரவையைவிடச் சற்றுப் பெரிதாக நொறுக்கினால் போதும். மாவாக அரைத்தால் எண்ணெயைக் குடிக்கிறது. பெரிய துண்டாக விட்டால் இடைவெளி விழுந்து சீஸ் கசிகிறது. சுண்ணாம்பில் வெந்த சோளத்துக்கு என்று ஒரு மணம் இருக்கிறது, பச்சைச் சோள மாவில் அது வராது. அந்த மணம் இல்லாமல் வெறும் மிளகாய்த்தூளைத் தூவிவிட்டு மெக்சிகோ என்று பெயர் வைப்பது எனக்குச் சம்மதமில்லை.

தனிமுறுகலும் பொதிமுறுகலும் தாளில் ஏறிவிட்டன. முன்னுண்டியும் ஏறிவிட்டது.

சீஸ் விஷயத்தில் ஐயாவோடு மாறுபடுகிறேன், மன்னிக்க வேண்டும். தங்கை சொன்ன காரணத்தை வகுப்பிலுள்ள அம்மாக்களும் அப்படியே சொன்னார்கள். தாய்மார் முகம் சுளிக்கிற சொல்லைச் சமையல் தாளில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மலாயில் இதைக் கேஜு என்கிறோம். அது போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. மெக்சிகோவின் கேசோவும், ஆங்கிலத்தின் சீஸும், போர்த்துக்கீசியச் சொல்லும் லத்தீனின் காசெயுஸ் என்ற ஒரே வேரில் பிறந்தவை. ஊர் ஊராகப் பண்டத்தோடு பெயரும் பயணம் செய்திருக்கிறது. நாமும் சீஸ் என்றே வைத்துக்கொள்ளலாம். நம் கையால் செய்கிற வேலைக்குத்தான் நம் சொல் கட்டாயம் வேண்டும். உருக்குவது, பொதிவது, முறுக விடுவது ஆகிய இந்த இடங்களில் சொல் தடுமாறினால் பண்டம் கெட்டுவிடும்.

மூலிகைக்கு எனக்கு நல்ல வழி கிடைத்தது. மெக்சிகோ ஓரிகானோ என்பது ஐரோப்பிய ஓரிகானோ இல்லை. உண்ணிச்செடியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடி. அது இங்கே சுலபமாகக் கிடைக்காது. நம் வீட்டு வாசலில் தொட்டியில் நிற்கிற கற்பூரவல்லிக்கு ஆங்கிலத்தில் கியூபா ஓரிகானோ என்றும், மெக்சிகோ புதினா என்றும் பெயர்கள் வழங்குகின்றன. இலையை நிழலில் காயவைத்து, கசக்கி, வறுத்துப் பொடித்த சீரகத்தோடு மாவில் கலந்தால் மணம் கூடி வருகிறது. ஒரே மணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் சீஸின் கொழுப்புக்கு ஈடுகொடுக்கிறது. மிளகாயை மட்டும் அளந்து போட வேண்டும். ஹலப்பேஞோ மிளகாயின் காரம் ஸ்கோவில் அளவில் 2,500 முதல் 8,000 வரை. நம் சிலி பாடி மிளகாய் 50,000-ஐத் தாண்டும். செய்முறையில் நான்கு ஹலப்பேஞோ என்றிருக்கிறதே என்று நான்கு சிலி பாடியை நறுக்கிப் போட்டால் விருந்தாளி அடுத்த கடி கடிக்கமாட்டார். (ஹலப்பேஞோ என்று நான் எழுதுவதைச் சிலர் கேட்டிருந்தார்கள். ஹலாப்பா நகரத்தின் பெயரால் வந்த மிளகாய் அது. ஸ்பானிய மொழியின் அந்த மூக்கொலிக்கு நம்மிடம் ஞ இருக்கிறது. இருக்கிற எழுத்தை ஏன் விட வேண்டும்?)

தாளில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன். சொற்கள் ஓடுகின்றனவா என்று படித்துப் பாருங்கள்:

"சீஸ் பொதிமுறுகல். முன்னுண்டி. இழையும் சீஸை விரல் பருமனில் நறுக்கவும். சீரகப்பொடி, மிளகாய்ப்பொடி, காய்ந்த கற்பூரவல்லி, உப்பு சேர்த்த மாவில் புரட்டி, முட்டையில் தோய்த்து, நொறுக்கிய சோள வறுவலில் பொதியவும். முட்டையும் வறுவலும் இன்னொரு சுற்று. முனைகளை விரலால் அழுத்தி மூடவும். ஐஸ் அறையில் இறுகிய பின், காய்ந்த எண்ணெயில் சில சிலவாகப் பொரிக்கவும். நிறையப் போட்டால் எண்ணெயின் சூடு இறங்கி, மேல்மாவு முறுகுவதற்கு முன் சீஸ் உருகிவிடும். மேல்மாவு பொன்னிறமானதும் எடுக்கவும். தக்காளி, வெங்காயம், கொத்தமல்லித் தழை, லிமாவ் கஸ்தூரி எலுமிச்சைச் சாறு கலந்த துவையலோடு சூடாகப் பரிமாறவும்."

இதில் 'துவையல்' எனக்கே உறுத்துகிறது. மெக்சிகோவின் சல்சாவில் அரைப்பதும் உண்டு, நறுக்கிக் கலப்பதும் உண்டு. இந்தத் தாளில் இருப்பது நறுக்கிக் கலப்பது. துவையல் என்றால் நம்மவர்கள் அம்மியைத் தேடுவார்கள். பச்சடி என்று எழுதினால் தயிர் ஊற்றிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. தாள் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் இந்த ஒரு சொல்லுக்கு யாராவது வழி சொன்னால் நன்றி உடையவளாக இருப்பேன். இல்லையென்றால் சல்சா என்றே அச்சிட்டுவிடுகிறேன்.