கொருக்குப்பேட்டைச் சொந்தங்கள்: காதணி விழா அழைப்பிதழ்

செல்வி: அனைவருக்கும் வணக்கம். அழைப்பிதழ் மாதிரி அச்சகத்திலிருந்து வந்துவிட்டது. "இடம்: எங்கள் இல்லத் திறந்தவெளி" என்று போட்டிருக்கிறார்கள். மாலை ஆறு மணிக்குள் சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

கோபால் மாமா: சரியில்லை, அம்மா. வருகிறவர்கள் மைதானத்தைத் தேடி அலைவார்கள்.

வேணு: "திறந்தவெளியில் மலம் கழிக்காதீர்" என்று சுவரெல்லாம் படித்தவர்களுக்கு அந்தச் சொல்லைப் பார்த்தால் பந்தியா நினைவுக்கு வரும்?

சுமதி அத்தை: சாப்பிடும் நேரத்தில் இதை எழுதத்தான் வேண்டுமா, வேணு?

பெரியப்பா: சொல்லின் மேல் குற்றமில்லை. திறந்தவெளி அரங்கத்தைச் சுற்றி மதில் இருக்கும், இருக்கைகள் இருக்கும், கூரை மட்டும் இராது. திறந்தவெளிச் சிறைச்சாலையிலோ உயர்ந்த மதிலே இராது, ஆனால் கைதிகள் தூங்கக் கூரை உண்டு. ஆக, எது திறந்திருக்கிறது என்பதை அடுத்து வரும் சொல்தான் தீர்மானிக்கிறது. வெளிப்புறம் என்றால் வாசலுக்கு அப்பால் என்று மட்டுமே பொருள். வெட்டவெளி என்பது ஒதுங்க ஒரு நிழலும் இல்லாத இடம்; சித்தர்கள் அந்தச் சொல்லால் பரம்பொருளையே குறித்தார்கள் என்றாலும், அழைப்பிதழில் அதைப் போட்டால் விருந்தினர் குடையோடு வருவார்கள்.

கோபால் மாமா: மொட்டைமாடி என்றே போட்டுவிடலாமே.

சுமதி அத்தை: மொட்டை என்று கண்டால் முடியிறக்குவதும் அன்றுதான் என்று எண்ணிக்கொள்வார்கள். அது திருத்தணியில் முடிந்துவிட்டது; எங்களுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

செல்வி: அத்தை, அன்று திடீரென்று புறப்பட்டோம். அதை நேரில் பேசிக்கொள்வோம்.

வேணு: பெரியப்பா, ஐப்பசி மழைக்குப் பயந்து சாமியானா கட்டினால் அது திறந்தவெளி ஆகுமா?

பெரியப்பா: என் கணக்கில் ஆகாது, வானம் தெரிய வேண்டும். 1949-இல் நம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்ததே, அதுதான் திறந்தவெளிக் கூட்டம்.

கோபால் மாமா: அங்கே வந்தவர்கள் இலை போட்டுச் சாப்பிட உட்காரவில்லை, மச்சான். சாமியானா கட்டாயம் வேண்டும்.

பெரியப்பா: நிலாமுற்றம் என்று போடலாம். சிலப்பதிகாரத்திலேயே இருக்கிற சொல்.

வேணு: விழா காலை பத்து மணிக்கு, பெரியப்பா.

செல்வி: "இல்லத்தின் மேல்மாடி" என்று சொல்லிவிடட்டுமா?

பெரியப்பா: மேல்மாடி என்றால் கூரையுள்ள தளத்தையும் குறிக்குமே.

சுமதி அத்தை: எந்த மாடியானாலும் என் மாமியாரால் படி ஏற முடியாது. அவருக்குக் கீழேயே இலை போடுவீர்களா?

கோபால் மாமா: அச்சகத்தாரிடம் நாளை வரை நேரம் கேள், செல்வி. என் பெயர் ஏன் கடைசி வரியில் இருக்கிறது என்பதையும் அப்படியே கேட்டுவிடு.