மலைமடிப்பா, வரப்புமடிப்பா?

வணக்கம்.

ஓரிகாமி என்னும் காகித மடிப்புக் கலைக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் விவாதத்தில், மடிக்கும் செயலுக்கும், பிரித்தபின் தாளில் நிற்கும் கோட்டுக்கும் ஒரே சொல் போதுமா என்ற கேள்வி நேற்றோடு தீர்ந்ததாக எடுத்துக்கொள்கிறேன். செயல் மடிப்பு, கோடு மடிதடம். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. கும்பகோணத்தில் மடி என்றால் ஆசாரம் என்று வேறு பொருள் என்று ஒருவர் கிண்டலடித்திருந்தார். 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பமெல்லாம் வராது.

என் வழக்கு, மேடாக நிற்பதற்கு மலைமடிப்பு, குழிவதற்குப் பள்ளத்தாக்குமடிப்பு என்ற பெயர்கள் இரண்டோடும்தான். ஜப்பானியர் யாமஓரி, தானிஓரி என்கிறார்கள். யாம மலை, தானி பள்ளத்தாக்கு. அவர்கள் நாட்டில் திரும்பிய பக்கமெல்லாம் மலை. நான் பாடம் நடத்துவது தஞ்சை மாவட்டத்துப் பாபநாசம் பக்கம். மலைமடிப்பு என்று பலகையில் எழுதினேன், ஒரு பையன் சன்னல் வழியாக வெளியே பார்த்தான். எட்டிய வரை நடவு வயல்.

அன்று தினசரி காலண்டரில் கிழித்த தாளைக் கொடுத்திருந்தேன். வெற்றுப் பக்கம் மேலே இருக்கட்டும். நடுவில் மடித்து நகத்தால் நீவுங்கள். அதைக் குறுக்கே இன்னொரு முறை பாதியாக மடித்து நீவி, முழுக்கப் பிரித்துப் பாருங்கள். நடுப்புள்ளியில் நாலு மடிதடம் கூடும். மூன்று குழிந்திருக்கும், ஒன்று மட்டும் மேடாக நிற்கும். விரலை ஓட்டிய ஒரு பெண், "சார், மூணு வாய்க்கால், ஒரு வரப்பு" என்றாள். தாளைத் திருப்பச் சொன்னேன். மூன்று வரப்பு, ஒரு வாய்க்கால். தட்டையாக மடியும் எந்தத் தாளிலும், உள்ளே ஒரு புள்ளியில் கூடும் வரப்புகளுக்கும் வாய்க்கால்களுக்கும் வித்தியாசம் எப்போதும் இரண்டுதான். ஜப்பானியர் ஜுன் மேகாவாவின் பெயரால் வழங்கும் விதி இது. சொல் கைக்கு வந்ததும் விதியை அவர்களே எண்ணிப் பிடித்துவிட்டார்கள்.

ஆகவே வரப்புமடிப்பு, வாய்க்கால்மடிப்பு என்று வைக்கலாம் என்கிறேன். மேட்டுக்குப் பார், பள்ளத்துக்குச் சால் என்று முன்மொழிந்தவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கரும்புக்குப் பார் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை, சுருக்கமும்கூட. ஆனால் "பார் மடிப்பு" என்று வாயால் சொன்னால் எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள் என்பார்கள்.

இரண்டுமே வ-வில் தொடங்குவதால் படத்தில் எப்படிக் குறிப்பது என்ற தடைக்கு என் பதில்: எழுத்தே வேண்டாம். வாய்க்காலுக்கு வெறும் விட்டுவிட்டுப் போகும் கோடு, வரப்புக்குக் கோடும் புள்ளியும் மாறி மாறி. உலகம் முழுக்க ஏற்கெனவே இப்படித்தான் வரைகிறார்கள்.

வட்டாரச் சொல்லைப் பொதுச் சொல்லாக்கலாமா என்று கேட்பீர்கள். வரப்பு தெரியாத தமிழர் எத்தனை பேர்? காகிதம் மடித்து வடிவியல் கற்பிக்க 1893-இல் சென்னையில் ஆங்கில நூல் வெளியிட்ட சுந்தரராவ் கும்பகோணம் கல்லூரியில் படித்தவர்தான். அதனால் டெல்டாவுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்புறம் ஒன்று. மடித்துப் பிரித்து, தடங்களோடு விரித்து வைத்த முழுத் தாளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. விரிப்பு என்றால் பாய் நினைவுக்கு வருகிறது. மடிதட வரைபடம் நீளம். என் வகுப்பில் அதை வயல் என்கிறார்கள். கலைச்சொல் பட்டியலில் அப்படியே போட்டால் சிரிப்பீர்களா?