முத்துப்பழனியை மேடையில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கும்பகோணம் ரசிகை:
முத்துப்பழனி பதினெட்டாம் நூற்றாண்டில் தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மர் அவையில் இருந்த தேவதாசி, தெலுங்குக் கவிஞர். அவள் கதையை நாடகமாகப் போடுகிறார்கள், நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பக்கத்தில் ஒரு சபாவில் போட்ட நாடகம். பிரதாபசிம்மர் அரண்மனை, முத்துப்பழனி உட்கார்ந்து தன் தெலுங்குக் காவியமான 'ராதிகா சாந்த்வனம்' எழுதுகிறாள். கையில் மயிலிறகு, பக்கத்தில் மைக்கூடு, தோய்த்துத் தோய்த்து ஓலையில் எழுதுகிறாள். இன்னும் உறுத்துகிறது. ஓலையில் மை எங்கே வந்தது? எழுத்தாணியால் கீறுவார்கள். இடது கைக் கட்டைவிரல் நகத்தில் சின்ன வெட்டு இருக்கும், எழுத்தாணி அதில் அணைந்து நிற்கும். வலது கை அதிகம் நகராது, ஓலைதான் நகரும். கீறியதும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கரி தங்கி, வரி வரியாக எழுத்து எழும்பும். இவ்வளவு அழகான மேடைக்காட்சி கையில் இருக்க, இறகு எதற்கு?

தஞ்சை மேலவீதி:
அக்கா, பத்தாவது வரிசைக்கு எழுத்தாணி தெரியாது, பாட்டு கேட்கும். நான் பார்த்ததில் ஓரமாக உட்கார்ந்து வயலின் வாசித்தார்கள், அவள் அலாரிப்பில் ஆரம்பித்து வரிசையாக மார்க்கமே, அதாவது இன்றைய பரதநாட்டியக் கச்சேரி வரிசையையே, ஆடினாள். பிரதாபசிம்மர் காலம் 1739 முதல் 1763. மார்க்கத்தை வகுத்த நடன ஆசிரியச் சகோதரர்களான தஞ்சை நால்வரில் மூத்தவர் சின்னையா பிறந்ததே 1802. வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் பாலுசுவாமி தீட்சிதர் பிறந்தது 1786. சதிரில், அதாவது அந்தக் காலத்து தேவதாசி ஆட்டத்தில், மேளக்காரர்கள் உட்கார மாட்டார்கள். ஆட்டத்தை நடத்தும் நட்டுவனாரும், மத்தளத்தை இடுப்பில் கட்டியவரும், சின்ன நாயனம் போன்ற முகவீணையும் சுருதிக்கான துத்தியும் ஊதுபவர்களும் பின்னால் நின்றபடி, அவள் முன்னே வந்தால் முன்னே, பின்னே போனால் பின்னே. நாலு பேரை நிற்கவைத்தால் போதும், காலம் வந்துவிடும். பாட்டு வேண்டுமானால் தெலுங்குக் கவிஞர் க்ஷேத்ரய்யாவின் பதம் (காதல் பாட்டு) எடுக்கலாம், அவர் ஒரு நூற்றாண்டு முந்தியவர்.

திருவையாறு வடகரை:
இரண்டு பேரும் பொருளைப் பற்றியே பேசுகிறீர்கள். கதையே தப்பாகப் போடுகிறார்கள், அதைக் கேளுங்கள். நான் பார்த்த நாடகத்தில் பண்டிதர்கள் சுவடியைத் தூக்கி எறிகிறார்கள், அவள் அழுகிறாள். அப்படி நடந்ததற்கு ஆதாரமே இல்லை. தன்னைப் போல் அறிஞர்களுக்குப் பொன் கொடுத்தவள், தன்னைப் போல் காவியங்கள் அர்ப்பணிக்கப்பட்டவள் வேறு யார் என்று நூலின் தொடக்கத்திலேயே நிமிர்ந்து கேட்டவள் அவள். அவதூறு வந்தது ஒன்றரை நூற்றாண்டு கழித்து. 1887 பதிப்பில் பாடல்கள் வெட்டப்பட்டிருந்தன. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் சுவடி தேடி 1910இல் முழுசாகப் போட்டார். பெண் இப்படி எழுதலாமா என்று தெலுங்குச் சீர்திருத்தவாதி வீரேசலிங்கம் பந்துலு கண்டித்ததற்கு, நாணம் பெண்ணுக்கு மட்டும்தானா என்று முன்னுரையிலேயே கேட்டார். 1911இல் ஆபாசம் என்று ஆங்கில அரசு சென்னையில் பிரதிகளைப் பறிமுதல் செய்து தடை போட்டது. 1947இல் பிரகாசம் பந்துலு சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் தடை நீங்கியது. ஆக, சண்டைக்காட்சி வேண்டுமென்றால் அதைச் சென்னைக்குக் கொண்டுபோங்கள்.

கேட்காமலே சொல்கிறேன், போடப்போகிறவர்கள் கவனிக்கவும். ஒரே நடிகை முத்துப்பழனி, நாகரத்தினம்மாள் இரண்டு பேராகவும் வரலாம், ஆனால் புடவையை மாற்றாமல் நகையை மட்டும் மாற்றினால் சபைக்குப் புரியாது. நூலில் 584 பாடல், வசனத்தில் நாலு சேர்த்தாலே நீளம். ஒன்றே ஒன்றைத் தெலுங்கில், தாளமில்லாமல் ராகத்தில் விருத்தம் போலப் பாடி, உடனே தமிழில் பொருள் சொல்லவும். ராதை தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு அவளே பொறாமையில் வேகும் இடத்தை எடுங்கள், அங்கேதான் காவியத்தின் உயிர். மைக்கை மார்பில் குத்தாதீர்கள், காசுமாலை உரசிக் கரகரவென்று கேட்கும். நெற்றிச்சுட்டிக்குள் மறைத்து, வயரைப் பின்னலோடு இறக்குங்கள். எழுதும் காட்சிக்கு முன் சலங்கையைக் கழற்றுங்கள், கால் அசைந்தாலே வசனம் போய்விடும்.

கும்பகோணம் ரசிகை:
வடகரை ஐயா சொன்ன கதை சரி, ஒப்புக்கொள்கிறேன். எழுத்தாணியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓலை பச்சையாக வேண்டாம், விளக்குச் சூட்டில் சுருண்டுவிடும். தண்ணீரில் வேகவைத்து, நிழலில் உலர்த்தி, பலகைக்கு அடியில் பாரம் வைத்து அழுத்திப் பாடம் பண்ணியதாக இருக்கட்டும். ஒத்திகைக்கும் அதே ஓலை.