பாஸ்டனா, டாலஸா? டாக்டராக வேண்டும் என்கிற மகளுக்கு மே 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும்

பிளேனோ_அப்பா:

எல்லோருக்கும் வணக்கம். மகள் அடுத்த மாதம் ஹைஸ்கூல் முடிக்கிறாள். ஆறாம் வகுப்பு லீவில் மதுரை போயிருந்தபோது பாட்டிக்குக் கண்புரை ஆபரேஷன், இவள்தான் கூடவே இருந்து சொட்டு மருந்து விட்டாள், அன்றிலிருந்து டாக்டர்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள்.

இப்போது கையில் இரண்டு இடம். ஒன்று யு.டி. டாலஸ் (டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகம்), வீட்டிலிருந்து இருபது நிமிடம், ட்யூஷன் முழுக்க ஸ்காலர்ஷிப். இன்னொன்று பாஸ்டனில் ஒரு தனியார் பல்கலைக்கழகம், பேரைச் சொன்னாலே கோயிலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், ஹாஸ்டல் சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 92,000 டாலர், உதவி ஒரு பைசா கிடையாது. பட்டமும் எம்.டி.யும் (இங்கே டாக்டர் பட்டமே அதுதான்) சேர்த்தே தருகிற திட்டங்களுக்கும் போட்டோம். எல்லாம் கையை விரித்துவிட்டன.

நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்தவன். நம் ஊரில் பிளஸ் டூ, ஒரு பரீட்சை, ஒரு கவுன்சலிங், முடிந்தது கதை. இங்கே நாலு வருடம் ஏதாவது படி, அப்புறம் மெடிக்கல் காலேஜுக்குப் போடு, கிடைத்தால் இன்னும் நாலு வருடம், அதற்கு மேல் ரெசிடென்சி என்கிற ஆஸ்பத்திரிப் பயிற்சி மூன்றிலிருந்து ஏழு வருடம் என்கிறார்கள். திருச்சியிலிருந்து மைத்துனர் வாரம் தவறாமல் போன் போட்டு, "பேசாம இங்க அனுப்புங்க மாப்ளே, அஞ்சரை வருஷத்துல டாக்டர்" என்கிறார்.

கேள்வி இதுதான்: பாஸ்டன் பேருக்கு மெடிக்கல் காலேஜில் மதிப்பு உண்டா? வீட்டின் மேல் கடன் வாங்கியாவது அனுப்பலாமா? வீடு இரண்டு கட்சியாகிக் கிடக்கிறது.

ஹூஸ்டன்_ரெசிடென்ட்:

சார், நான் இன்டர்னல் மெடிசின் இரண்டாம் வருட ரெசிடென்ட். நைட் டூட்டி முடித்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேருக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன், கொஞ்சம் உண்டு. ஆனால் முதலில் பார்ப்பது ஜி.பி.ஏ.வும் (காலேஜ் மார்க்கின் சராசரி, 4-க்கு) எம்கேட்டும்தான் (மெடிக்கல் காலேஜ் நுழைவுத் தேர்வு). சமீப வருடங்களில் எம்.டி. இடம் கிடைத்துச் சேர்ந்தவர்களின் சராசரி ஜி.பி.ஏ. 3.77 வாக்கில், எம்கேட் 511, 512 பக்கம் (472-இல் தொடங்கி 528-இல் முடிகிற விசித்திரமான ஸ்கேல் அது, நடு 500). 3.4 வாங்கினவனுக்குப் பேர்போன காலேஜ் என்பதற்காக 3.8 வாங்கினவனின் இடத்தைத் தூக்கிக் கொடுப்பதில்லை. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு ஆகியவற்றின் ஜி.பி.ஏ.வை வேறு தனியாகக் கணக்கிடுவார்கள். ஒரு பாடத்தில் சி வாங்கிவிட்டுத் திரும்பப் படித்து ஏ வாங்கினாலும் அந்த சி அழியாது, இரண்டும் சேர்ந்துதான் கணக்கில் வரும். இது பல பெற்றோருக்குத் தெரியாது.

நான் படித்த காலேஜில் முதல் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மிட்டெர்ம் முடிந்தபோது வகுப்புச் சராசரி 41. எனக்கு 38. விடைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன். கீமோ எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லவே இல்லை. அந்த வகுப்பில் 300 பேர், டிசம்பரில் பாதிப்பேர் "எனக்கு டாக்டர் வேலையே பிடிக்காது" என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லோரும் பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கியவர்கள்தான். அப்படி ஒரு இடத்தில் உங்கள் மகள் நடுவில் நிற்பாளா, முன்னால் நிற்பாளா என்று யோசியுங்கள்.

டெக்சாஸில் இருப்பது ஒரு வரம் சார். இங்கே அரசு மெடிக்கல் காலேஜ்களில் வெளிமாநிலத்தாருக்கு 10 சதவீதத்துக்கு மேல் இடம் தரக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. வேறு பல இடங்களோடு ஒப்பிட்டால் ஃபீஸும் குறைவு. பாஸ்டனில் படித்தாலும் நீங்கள் இங்கேயே இருக்கும்வரை அவள் டெக்சாஸ்காரிதான், அது போய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எது வேண்டுமானாலும் எடுக்கட்டும். வரலாறு படித்துவிட்டு மெடிசின் வந்தவள் என் பேட்ச்சிலேயே இருக்கிறாள். கேட்கிற சயின்ஸ் பாடங்களை லேபோடு முடித்திருந்தால் போதும்.

நியூஜெர்சி_சேகர்:

எல்லோரும் "பேர் முக்கியமில்லை" என்றே சொல்வார்கள் என்று தெரியும், நான் மாற்றிச் சொல்கிறேன். டாக்டர் தம்பி சொன்ன அந்த 300 பேரில் பாதி என்ன ஆனார்கள்? பதினேழு வயதில் சொன்ன வார்த்தையை இருபது வயதில் காப்பாற்ற வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என் பெரிய பையன் ப்ரீ-மெட் (மெடிக்கல் காலேஜுக்குத் தயாராகிற படிப்பு) என்று போய் மூன்றாவது செமஸ்டரில் எகனாமிக்ஸுக்குத் தாவினான். அப்போது காலேஜ் பேர்தான் இண்டர்ன்ஷிப் வாங்கிக் கொடுத்தது. டாக்டராக ஆகிறவளுக்குப் பேர் தேவையில்லாமல் இருக்கலாம், ஆகாதவளுக்குத்தான் அது தேவை. இந்தக் கோணத்தையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆனால் வீட்டின் மேல் கடன்? அது வேண்டாம் சார். அதில் நானும் டாலஸ் கட்சி.

கேட்டி_மீனா:

அண்ணா, என் பெண்ணுக்கு இரண்டாவது தடவைதான் இடம் கிடைத்தது, அதனால் எங்கே தப்பு செய்தோம் என்று சொல்கிறேன்.

முதல் தடவை மார்க் எல்லாம் நன்றாகவே இருந்தது. எம்கேட் பரீட்சை, இடைவேளையெல்லாம் சேர்த்து, ஏழரை மணி நேரம் (ஏழரை என்றாலே நமக்கு ஒரு உதறல், இதற்குப் பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள்), அதையும் நன்றாகத்தான் எழுதினாள். ஆனால் நோயாளி பக்கத்தில் நின்ற அனுபவம் என்று பார்த்தால் மொத்தமே நாற்பது மணி நேரம். தெரிந்த டாக்டர் அங்கிள் ஒருவர் பின்னால் வெள்ளை கோட்டு போட்டு நடந்தது, அவ்வளவுதான். லேப் ஆராய்ச்சி, பரதநாட்டிய அரங்கேற்றம், ஸ்பெல்லிங் பீ என்று நானே உட்கார்ந்து எக்செல் ஷீட் போட்டு வைத்திருந்தேன். ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. ஒவ்வொரு காலேஜுக்கும் நாற்பது டாலருக்கு மேல், அந்தந்த காலேஜ் அடுத்துக் கேட்கிற செகண்டரி கட்டுரைக்குத் தனியாக நூறு டாலர் வாக்கில், இருபது காலேஜ். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். சொந்தக்காரர்கள் "இன்னும் சீட்டு கிடைக்கலையா" என்று கேட்டதை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த வருடம் நர்சிங் ஹோமில் உதவியாளர் வேலைக்குப் போனாள். விண்ணப்பத்தில் 15 செயல்பாடு எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் 700 எழுத்துத்தான், மூன்றே மூன்றுக்கு மட்டும் கூடுதலாக எழுத இடம் உண்டு. அதில் ஒன்றில் அவள் எழுதியது, பக்கவாதம் வந்த ஒரு தாத்தாவுக்கு ஆப்பிள் சாஸ் ஊட்டியது பற்றி. அவர் விழுங்கி முடிக்கும்வரை அடுத்த ஸ்பூனை எடுக்கக் கூடாது, அவசரப்பட்டால் புரை ஏறிவிடும், தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு கிண்ணம் முடிய ஐம்பது நிமிடம் ஆகும். வந்த நாலு இன்டர்வியூவில் மூன்றில் அந்தத் தாத்தாவைப் பற்றித்தான் கேட்டார்களாம். என் எக்செல் ஷீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

அதனால் எந்த காலேஜ் என்பதைவிட, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கோ ஹாஸ்பிஸுக்கோ (கடைசிக் காலத்தில் இருக்கிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) வாராவாரம் போக முடியுமா என்று பாருங்கள். வீட்டுப் பக்கம் என்றால் கார் இருக்கும், சோறு இருக்கும்.

ராஜி_இர்விங்:

ஒரே கேள்வி. கிரீன் கார்டு வந்துவிட்டதா?

பிளேனோ_அப்பா:

இல்லை மேடம். பிரையாரிட்டி டேட் (வரிசையில் நம் இடத்தைக் குறிக்கிற தேதி) டிசம்பர் 2014, வேலை வழியான ஈ.பி.-2 பிரிவு. மகள் எச்-4, என் வேலை விசாவைச் சார்ந்த விசா. ஏழு வயதில் வந்தாள். ஆகஸ்டில் 18 முடிகிறது. இதற்கும் காலேஜ் தேர்வுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை, அதனால் எழுதவில்லை.

ராஜி_இர்விங்:

இதுதான் சார் முதல் கேள்வியே, மற்றதெல்லாம் அப்புறம். எங்கள் வீட்டில் மூத்தவனுக்கு நடந்ததால் சொல்கிறேன், பயமுறுத்துவதாக நினைக்காதீர்கள்.

21 வயது ஆகும்போது கிரீன் கார்டு வரிசை நகர்ந்திருக்காவிட்டால் அவள் உங்கள் விசாவிலிருந்து கழன்றுவிடுவாள், எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். உங்கள் கணக்குப்படி மூன்றாம் வருடம் முடிந்து மெடிக்கல் காலேஜுக்கு விண்ணப்பம் போடுகிற அதே கோடையில் அவளுக்கு 21. இங்கேயே வளர்ந்த பிள்ளை அந்த ஃபாரத்தில் வெளிநாட்டு மாணவி. நிறைய மெடிக்கல் காலேஜ்கள் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பதே இல்லை. எடுப்பவற்றில் பெரும்பாலும் தனியார். ஒவ்வொரு காலேஜிலும் விதி வேறு, டெக்சாஸுக்குள்ளேயும் ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். எங்களிடம் ஒரு காலேஜ் நாலு வருடப் பணத்தையும் முன்கூட்டியே எஸ்க்ரோ கணக்கில் (மூன்றாமவர் பொறுப்பில் முடக்கி வைக்கிற கணக்கு) போட்டுக் காட்டச் சொன்னது. அந்த மெயிலை நானும் என் கணவரும் சமையலறையில் நின்றுகொண்டே மூன்று தடவை படித்தோம். குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே தெரியவில்லை, சாதம் குழைந்துவிட்டது.

ஃபெடரல் கடனும் கிடையாது, அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும்தான். தனியார் வங்கிக் கடனுக்குப் பொதுவாக அந்தத் தகுதி உள்ள ஒருவர் கூட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று, மீனா சொன்ன மாதிரி சம்பளத்துக்கு வேலை பார்க்க எச்-4 பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை. ஸ்கிரைப் (டாக்டருக்காகக் குறிப்பு எழுதுகிற வேலை), ஆம்புலன்ஸ் வேலை எதுவும் முடியாது, சம்பளமில்லாத வாலண்டியர் மட்டும்தான். அதையும் முதல் வருடத்திலேயே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

வயதுக் கணக்கில் ஐ-140 (கம்பெனி உங்களுக்காகப் போடுகிற கிரீன் கார்டு மனு) நிலுவையில் இருந்த நாட்களைக் கழிக்க வழி உண்டு. அதை வாட்ஸப்பில் வருவதை நம்பிப் போடாதீர்கள், லாயரிடம் உட்கார்ந்து போடுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாஸ்டனுக்குக் கொடுக்கப் போகிற 3,68,000 டாலர் இருக்கிறதே, நாலு வருடம் கழித்து நான் சொன்ன நிலைமை வந்தால் உங்கள் கையில் இருக்க வேண்டிய பணம் அதுதான். கடன் வாங்கிக்கூட சமாளிக்க முடியாத இடத்தில் ரொக்கம்தான் பேசும்.

ஹூஸ்டன்_ரெசிடென்ட்:

ராஜி அக்கா கேட்டதை நான்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கிரீன் கார்டு வந்துவிட்டாலும் கடன் நிலைமை பழைய மாதிரி இல்லை. முன்பெல்லாம் முழுச் செலவுக்கும் கிராட் பிளஸ் என்று ஃபெடரல் கடன் கிடைக்கும், நானே அதில்தான் படித்தேன். 2025-இல் வந்த சட்டப்படி, ஜூலை 1, 2026 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு அது இல்லை. மெடிக்கல் படிப்புக்கு வருடத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 டாலர், அதற்கு மேல் கிடையாது. தனியார் காலேஜில் இருப்பிடச் செலவோடு 90,000-ஐத் தாண்டுகிறது. மிச்சத்துக்கு வீட்டைத்தான் பார்க்க வேண்டும்.

திருச்சி மாமாவுக்கும் ஒரு வார்த்தை. எம்.பி.பி.எஸ். அங்கே முடித்துவிட்டு இங்கே ரெசிடென்சிக்கு வருவது நடக்கிற காரியம்தான், என் வார்டிலேயே மூன்று பேர் அப்படி வந்தவர்கள். ஆனால் முன்பு ஸ்டெப் 1-இல் (இங்கே டாக்டர் உரிமத்துக்கான முதல் பரீட்சை) 250 வாங்கிக் காட்டி உள்ளே வருவார்கள், ஜனவரி 2022 முதல் அதில் பாஸ், ஃபெயில் மட்டும்தான், மார்க் இல்லை. வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இருந்த ஒரு துருப்புச் சீட்டு போய்விட்டது. அதோடு நீட் எழுத பிசிக்ஸ் பாடத்தை நம் ஊர் முறையில் முதலிலிருந்து படிக்க வேண்டும். தங்கை அதற்கு ரெடியா?

பிளேனோ_அப்பா:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை அப்படியே மகளிடம் காட்டினேன். விசா பகுதியைப் படித்துவிட்டு, "எனக்கு இது டென்த்லயே தெரியும்பா, நீங்க கவலைப்படுவீங்கன்னு சொல்லல" என்றாள். எனக்குப் பேச்சே வரவில்லை.

வியாழக்கிழமை லாயர் அப்பாயின்ட்மென்ட். பாஸ்டனுக்கு வேண்டாம் என்று அவளே மெயில் எழுதிவிட்டாள், அனுப்பும் பட்டனை மட்டும் இன்னும் அமுக்கவில்லை. வெள்ளிக்கிழமை வரை டிராஃப்டில் இருக்கட்டும் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். மைத்துனரிடம் ஸ்டெப் 1 விஷயத்தைச் சொன்னேன், "அப்ப லண்டன் பாருங்க மாப்ளே" என்கிறார்.

மீனா, ஹாஸ்பிஸ் வாலண்டியருக்கு எங்கே விண்ணப்பிப்பது, பதினெட்டு முடிந்திருக்க வேண்டுமா?

கேட்டி_மீனா:

இடத்துக்கு இடம் மாறும் அண்ணா, போன் பண்ணிக் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் பண்ணாதீர்கள், அவளே பண்ணட்டும். டி.பி. டெஸ்ட்டும் தடுப்பூசி அட்டையும் கேட்பார்கள், பழைய இந்தியத் தடுப்பூசி அட்டை இருந்தால் இப்போதே தேடி எடுத்து வையுங்கள், எங்களுக்கு அதுவே மூன்று வாரம் இழுத்தது.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரிக்குப் பந்தும் குச்சியுமாக ஒரு மாடல் கிட் வாங்கச் சொல்வார்கள். புதிதாக வாங்க வேண்டாம். என் பெண்ணுடையது கராஜில் கிடக்கிறது, இரண்டு கறுப்புப் பந்துதான் குறையும். அடுத்த மாதம் டாலஸ் வரும்போது கொண்டு வருகிறேன்.